கால்மாட்டில் ஓர் இடம்

அன்னப்பாக்கியத்தின் வீட்டுக்காரரைப் பெட்டியோடு குழிக்குள் இறக்கி, கயிற்றை உருவப்போகும்போதுதான் அவருடைய தம்பி தவசிமுத்து கவனித்தான். மூடியிலிருந்த சிலுவையின் தலைப்பக்கம் கிழக்கே இருந்தது. கல்லறைத் தோட்டத்தின் ஒடுக்கமான வாசலில் பெட்டியைத் திருப்பி எடுத்ததில் வந்த வினை. அந்த ஊரில் எல்லாரையும் மேற்கே தலைவைத்துத்தான் அடக்குவார்கள். கடைசி நாளில் எக்காளம் முழங்கி, செத்தவர்கள் எழும்பும்போது, கிழக்கிலிருந்து வருகிற ஆண்டவருக்கு முகம் நேராக இருக்க வேண்டுமே.

“தூக்குங்கல! எங்க அண்ணன் மட்டும் ஆண்டவருக்கு முதுகக் காட்டிட்டா எந்திரிப்பாரு?”

“விடு தம்பி,” என்றாள் அன்னப்பாக்கியம்.

பேக்கரி அடுப்பை மூட்ட இருட்டோடே கிளம்பிவிடுகிற மனிதர் அவர். அவள் கண்விழிக்கும்போது பக்கத்தில் மடித்துவைத்த போர்வைதான் இருக்கும். இத்தனை வருஷத்தில் அவர் தூங்கி எழுகிற முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

குழியைச் சுற்றிக்கொண்டு மேற்கே, அவருடைய கால்மாட்டுக்குப் போனாள். அங்கே புல் மட்டும் முளைத்திருந்தது.

“என்னைய இங்க வைங்க ஐயா,” என்றாள் போதகரிடம். “எல்லாரையும் போல மேற்க தலைவச்சு. எந்திரிச்சதும் மொத என் மூஞ்சியப் பாப்பாரு.”

“ஆண்டவரு வந்து நிக்கும்போதா மைனி?” என்றான் தவசிமுத்து.

“நான் கிழக்கதான பாத்திருப்பேன்? வாராரு, திரும்பிப் பாருங்கன்னு நான் சொல்லுதேன்.”

“ஸ்தோத்திரம்” என்று முணுமுணுத்தபடி, பெட்டியை வாசலில் திருப்பிச் சுமந்துவந்த நாலு பேரையும் நன்றியோடு பார்த்தாள்.

தவசிமுத்து கயிற்றை மெல்ல உருவினான்.