விசா கிடைக்காத தோழி

"கனடாக்காரி இன்னும் வரல்லியா தம்பி?"

தையல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள் புஸ்பம். மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியில் நெட் கபே வைத்திருந்த வின்சன்ற் கம்பியூட்டரைத் தட்டிவிட்டான். அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. டெலிபோன் வயர் வழியே இன்டர்நெட் கீச்சிட்டு, இழுபட்டு, ஒருவழியாக வந்து சேரும் காலம். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் செல் குண்டு விழும் சத்தமும் கேட்கும். அதற்குள்ளும் கதை எழுதும் பெண்களின் இணையக் குழு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒருத்தி எழுதியதை மற்றவர்கள் வாசித்துத் திருத்துவார்கள், தட்டிக்கொடுப்பார்கள்.

புஸ்பத்தைத் தட்டிக்கொடுத்து எழுத வைத்தவள் 'தூரத்துத் தோழி'. பேரும் ஊரும் சொல்லமாட்டாள். அந்த நாளில் யார்தான் சொன்னார்கள்? "ஆரையம்பதிக்கு வர ஆசை. ஆனால் வர முடியாத இடத்தில் இருக்கிறேன்" என்று ஒருமுறை எழுதியிருந்தாள். வர முடியாத இடம் என்றால் வேறென்ன, கனடாதான் என்று புஸ்பமும் வின்சன்றும் முடிவு கட்டிவிட்டார்கள்.

தோழி கேட்பதெல்லாம் பழைய கதை. கோயில் திருவிழாவில் இப்போதும் கண்ணாடி வளையல் விற்கிறார்களா என்பாள். புஸ்பத்துக்குச் சின்ன வயது நினைவு வந்துவிடும். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து வளையல்காரிகள் பெட்டியோடு வந்த காலம் அது. தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் இரண்டு ஊருக்கும் முறுகிக்கொண்ட பிறகு அவர்கள் வரவில்லை. மட்டக்களப்பு பஸ் காத்தான்குடிக்குள்ளால்தான் ஓடியது. புஸ்பம் அங்கே இறங்கியதில்லை.

அந்த வளையலையே கதையாக எழுதினாள். "நிறம் எல்லாம் இருக்கிறது. வளையல்காரி 'கையைத் தளர விடு புள்ள' என்பாளே, அது எங்கே?" என்று தோழி கேட்டாள். அந்த வரி சேர்ந்ததும் கதைக்கு உயிர் வந்துவிட்டது. வருகிற ஞாயிறு ஊர் மண்டபத்தில் அதை வாசிக்கும்படி கேட்டிருந்தார்கள்.

"அவ வந்தாத்தான் வாசிப்பன் தம்பி. அவ இல்லாட்டி நான் ஆரு? சட்டைக்குப் பொத்தான் வைக்கிறவள்."

"விசா கிடைக்கணுமே அக்கா."

"எத்தின தரம் கூப்பிட்டுட்டன். 'என்னை விடுவார்களோ தெரியாது' எண்டுதான் மறுமொழி."

"அதத்தானே நானும் சொல்றன். எம்பசிக்காரன் லேசில விடமாட்டான்."

புஸ்பத்துக்கு ரோசம் வந்துவிட்டது. "விசாவைச் சாட்டுச் சொல்ல வேண்டாம். மனமிருந்தால் வரலாம். நீங்கள் வராவிட்டால் நான் வாசிக்கவும் மாட்டேன், இனி எழுதவும் மாட்டேன்" என்று தட்டி அனுப்பினாள்.

அனுப்பிய கையோடு கரண்ட் போய்விட்டது. வின்சன்ற் ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கயிறு இழுத்துக் கிளப்பினான். கம்பியூட்டர் விழித்துக்கொண்டது. ஆனால் மறுமொழி வரவில்லை. வெளியே தெரு இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் வரவில்லை.

"கோவிச்சிட்டா போல" என்றான் வின்சன்ற்.

"வாயக் குடுத்துக் கெடுத்துட்டன் தம்பி. எனக்கெண்டு இருந்தது அவ ஒருத்திதான்." புஸ்பம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மண்டபத்துக்காரருக்குச் சொல்லிரு, நான் வாசிக்கல்ல எண்டு."

அவள் வாசலைத் தாண்டும்போது கரண்ட் வந்து தெரு முழுக்க லைட் எரிந்தது. ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கடையை ஒதுக்கிக்கொண்டிருந்த வின்சன்ற், அவள் தெருமுனையை நெருங்கும்போது பின்னால் ஓடி வந்தான்.

"அக்கா, நில்லுங்க. மறுமொழி வந்திட்டு."

எப்போதும் பத்திரிகைத் தமிழில் எழுதுகிறவள், இன்று பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள்.

"குறை நினையாதீங்க புஸ்பம், இங்க கரண்ட் போயிற்று. காத்தான்குடியில இருந்து வாறதுக்கு விசா என்னத்துக்கு, நீங்க ஊர் எல்லைக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போனாப் போதும். உம்மாவும் வாறாவாம், உங்கட கையைத் தளர விடச் சொன்னது அவதானே."