அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை

"ராத்திரியில டீச்சருங்க ரூமை வெளியிலருந்து பூட்டுவாங்களா சார்?"

ஏஜென்ட் ஜெயக்கொடி சிரித்துவிட்டார். "என்னம்மா கேள்வி இது? கொரியாவுக்கு இங்கிலீஷ் டீச்சராப் போறீங்களா, இல்ல ஜெயிலுக்குப் போறீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. துப்பட்டா நுனியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தில் காவ்யஸ்ரீ, எம்.ஏ., என்று எழுதிக் கொடுத்திருந்தாள். துணைக்கு வந்திருந்த உக்கிரபாண்டியைப் பக்கத்து வீட்டு அண்ணன் என்று சொல்லியிருந்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த விமானப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதுரை தல்லாகுளத்தில் ஒரு மாடி அறைதான் அந்த அலுவலகம். மேசைக்கு இந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர். திருவாதவூரிலிருந்து வந்திருந்த முத்துமீனா, அவள் அப்பா மலையாண்டி. அவர்கள் தெருவில் எம்.ஏ. வரை படித்த முதல் பெண் முத்துமீனா. அதே கொரியப் பள்ளிக்கூடத்தில்தான் அவளுக்கும் வேலை. புதன்கிழமை விமானம். ஒப்பந்தத் தாளைக் கையெழுத்துக்காக அவள் முன்னால் விரித்து வைத்திருந்தார்கள்.

"அங்கே பிரைவேட் ஸ்கூல் எல்லாம் ஒரே மாதிரி இருக்காதுன்னு சொல்றாங்க சார். விசாரிக்காம எப்படிப் போறது?" காவ்யஸ்ரீ என்று எழுதிக் கொடுத்தவள் விடவில்லை.

"தாராளமா விசாரிங்க."

"என்ன விசா?"

"விசிட் விசா. போய் இறங்கினதும் அவங்களே வேலை விசாவா மாத்திக் குடுத்துருவாங்க."

"மாத்தலைன்னா? போலீஸ் பிடிச்சா நாமதானே சார் குத்தவாளி?"

"அதெல்லாம் ஆகாதும்மா."

"பாஸ்போர்ட்?"

"ஸ்கூல் ஆபீஸ்ல பத்திரமா வச்சிருப்பாங்க. சின்னப் பிள்ளைக, தொலைச்சிட்டா என்ன பண்றது?"

மலையாண்டி தலையாட்டினார். கேள்வி கேட்டவளுக்கு எழுந்து படியிறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஜெயக்கொடி திடீரென்று அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"உங்களை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே?"

உக்கிரபாண்டி மெல்லத் திரும்பினார்.

"எங்க வீடு மஹால் பக்கம் சார். அங்கே எங்கேயாவது பாத்திருப்பீங்க" என்றாள் அவள்.

"மஹால் பக்கமா? அங்கே சௌராஷ்டிராக்காரங்கதானே அதிகம், நீங்களும் அவங்களா? அப்பச் சரியாப்போச்சு." அவர் உற்சாகமாக இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "உங்க ஆளுங்கதான், ஹம்சவேணின்னு ஒரு பொண்ணு. அந்த ஸ்கூல்ல ரெண்டு வருசமா இருக்கு. இந்த மதுரை ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே சென்னை வழியாப் போயிருச்சு. நான் நேர்ல பாத்ததில்ல, எல்லாம் போன் பழக்கம்தான். எம்புட்டுச் சந்தோசமா எழுதியிருக்கு, படிங்க."

முத்து முத்தான எழுத்து. நல்ல அறை, நல்ல சாப்பாடு, அன்பான முதலாளி. இரண்டு வரிக்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. தாளை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"கடுதாசியை யாரும் எழுத வைக்கலாம் சார். அவங்ககிட்ட போன்ல ஒரு வார்த்தை பேச முடியுமா?"

ஜெயக்கொடி கொஞ்சம் யோசித்தார். மலையாண்டி வேறு, "அதுவும் நல்லதுதானே அண்ணே, எம்பிள்ளையும் கேட்டுக்கிரும்" என்றார்.

"அதுக்கென்ன, பேசுங்க. அங்கே இப்ப மத்தியானம். மத்தியானக் கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்குள்ள பிடிச்சிரலாம்."

எண்களை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டார். நான்கைந்து முறை மணி அடித்த பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"ஹலோ, ஹம்சவேணி பேசுறேன்."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நானும் மதுரைதான். அந்த ஸ்கூலுக்கு வரலாம்னு இருக்கேன். பயமா இருக்குக்கா."

"எதுக்கும்மா பயம்? நான் இல்லையா? ராணி மாதிரி வச்சிருக்காங்க."

"நெனச்சா வெளியே போக முடியுமா?"

"லீவு நாள்ல ஊரு பூராச் சுத்துவோம்."

"பாஸ்போர்ட்?"

"என் ஹேண்ட்பேக்குலதான் இருக்கு."

முத்துமீனா நிமிர்ந்து பார்த்தாள். "ஆபீஸ்ல வச்சிருப்பாங்கன்னு சொன்னீங்களே சார்?"

"கேட்டா குடுத்துருவாங்கம்மா, அதைத்தான் சொல்லுது" என்றார் ஜெயக்கொடி அவசரமாக. பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

மலையாண்டிக்கு மனம் நிறைந்துவிட்டது. "நம்மூருப் பிள்ளையே சொல்லிருச்சு. இனி என்னத்தா யோசனை? போடு கையெழுத்தை."

முத்துமீனா பேனாவை எடுத்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து மற்றவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "போடாத தங்கச்சி!"

ஜெயக்கொடியின் முகம் மாறியது. "உனக்குப் பயமா இருந்தா நீ போகாத. அந்தப் பிள்ளை பொழப்பை ஏன் கெடுக்குற?"

உக்கிரபாண்டி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து போன் பக்கம் குனிந்து, "உங்க பேரை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார்.

"ஹம்சவேணிங்க."

மஃப்டியில் வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டி சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். பிறகு தன்னோடு வந்திருந்தவளிடம், "இப்ப நீ சொல்லும்மா" என்றார்.

அவள் ஜெயக்கொடியை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"ஹம்சவேணி நான்தான் சார். அங்கேருந்து தப்பிச்சு வந்து இருபத்திரெண்டு நாளாச்சு."