கசங்கல்

மேடைக்குப் பின்னால் நிற்கும் வேனுக்குள், தலைவருடைய சட்டையை மடிப்பு விறைக்கத் தேய்த்து நீட்டுகிறாள் இஸ்திரிக்காரி. உதவியாளன் தலையில் அடித்துக்கொள்கிறான். “யாருக்கா இப்படித் தேய்க்கச் சொன்னது? கசக்கிக் குடுங்க. பாத்தா ஏழைபாழை மாதிரி இருக்கணும்.” அவளுக்குச் சுருக்கென்கிறது. எந்த ஏழை கசங்கின சட்டையோடு நாலு பேர் முன்னால் வருவான்? பல்லைக் கடித்துக்கொண்டு கசக்குகிறாள். உயர்ந்த துணி; எவ்வளவு முறுக்கினாலும் கையை விட்டதும் வழவழவென்று நிமிர்ந்துகொள்கிறது. தண்ணீர் தெளித்து, சுருட்டி, கடைசியில் அதன் மேலேயே ஏறி உட்காருகிறாள். “சூப்பர்க்கா!” என்று அவன் பிடுங்கிக்கொண்டு போகிறான். தலைவர் அதை மாட்டிக்கொண்டு, சீவிய தலையைக் கலைத்துவிட்டு மேடையேறுகிறார். “ஏசி ரூம்ல உக்காந்து நாட்ட விக்கிற பெரிய மனுஷங்க, நம்ம கசங்கின சட்டையப் பாத்துச் சிரிக்கிறாங்க! இந்த நாடு யாரோடது?” “நம்மளோடது!” என்று திடல் அதிர்கிறது. அவள் படுதாவை விலக்கிப் பார்க்கிறாள். முன்வரிசையில் அவள் புருஷன் கண் கலங்க, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறான். “நம்மள்ல ஒருத்தரப் பாக்கப் போறேன், நல்லாத் தேய்ச்சுக் குடு” என்று காலையில் அவளிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட சட்டையில் காலர் இன்னும் விறைப்பாக நிற்கிறது. அவனுக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டிய வரை, எல்லாரும் இருப்பதில் நல்லதை எடுத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். இத்தனை பெரிய கூட்டத்தில் கசங்கின சட்டை ஒன்றே ஒன்றுதான். அதற்குத்தான் இவ்வளவு கைதட்டலும்.