வெளித்தாழ்ப்பாள்

பேய் சீரியல் முடிந்ததும் ஓசூர் லைன் வீட்டுப் பெண்கள் அதிலுள்ள ஓட்டைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். கதை எழுதுவது மோகனப்ரியாவின் அண்ணன் அசோக்குமார் என்பதால் கேலியெல்லாம் அவளுக்குத்தான்.

"போன வாரம் பேய்க்கு நெத்தியில தழும்பு இருந்துச்சு. இன்னைக்குக் காணோம்!" என்றாள் அனிதா. "ஸ்டவ் வெடிச்சு செத்தாளாம். அப்பறம் ரூமை வெளிய யாரு தாழ் போட்டது? உங்கண்ணன் யோசிக்கவே மாட்டாரா?"

டிவி பார்க்க வந்தவர்கள் எல்லோரும் போனதும் மோகனப்ரியா அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நம்ம அக்கா செத்த மாதிரியே எழுதினே, பொறுத்துக்கிட்டேன். வெளிய தாழ் எதுக்குண்ணா? தப்புன்னு சிரிக்கறாங்க."

அசோக்குமார் குரலைத் தாழ்த்தினான்.

"தப்பில்ல பிரியா. அன்னைக்குக் காவேரிப்பட்டினத்துல அக்கா ரூம் வெளித்தாழை நீக்கினவனே நான்தான். மாமா என் கால்ல விழுந்து அழுதாரு. கொழந்தைய நெனச்சு வாயைத் தொறக்கல. மனசுல வச்சிருக்க முடியாமத்தான் கதையில எழுதினேன்."

மோகனப்ரியா வாசலை எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு தெரிஞ்சும், அக்கா கொழந்தைக்காகன்னு சொல்லி அந்தாளுக்கே என்னைக் கட்டிக் குடுத்தியே அண்ணா!"



வாசலில் பைக் வந்து நின்றது. "பிரியா, டீ போடு" என்றபடி அவள் கணவன் உள்ளே வந்தான்.