பின்சீட்டு ஹெல்மெட்டின் பேட்டரி

ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் பேசிக்கொள்ள ஹெல்மெட்டில் மாட்டும் இன்டர்காம் அது. மெக்கானிக் அதைப் பிரித்து, உப்பிப்போன பேட்டரியை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் புது பேட்டரி காத்திருந்தது.

"உன் ஆளுங்க எப்படி?" என்று கேட்டது புதுசு.

"ஓட்டுறவர் குமரவேல். பின்னால அவர் பொண்டாட்டி செண்பகம். அவ பேசிக்கிட்டே வருவா, அவர் பதிலே சொல்ல மாட்டார்," என்றது பழசு. "எனக்குச் சார்ஜ் நிக்காமப் போச்சு. மாத்துங்கன்னு அவ சொன்னா. என் காதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்னு அவர் சிரிச்சார்."

"அப்புறம்?"

"போன மாசம் பைபாஸ்ல நான் அடங்கிட்டேன். அது அவளுக்குத் தெரியாது. தலை சுத்துது, ஓரமா நிறுத்துங்கன்னு சொன்னா. பதில் வரலை. அதுதான் அவளுக்குப் பழகினதாச்சே! கேட்டிருக்கும், நிறுத்திடுவார்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டுக் கண்ணை மூடினா. பிடி நழுவி ரோட்டுல விழுந்தவ எழுந்திருக்கவே இல்லை."

மெக்கானிக் புதுசை உள்ளே பொருத்தி மூடினார்.

குமரவேல் வீட்டுக்குப் போனதும் செண்பகத்தின் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினார். தன்னுடையதைத் தலையில் போட்டுக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"செண்பகம், பேட்டரி மாத்திட்டேன். இப்போ சொல்லு," என்றார்.

காலி ஹெல்மெட்டுக்குள் அவர் குரல் கணீரென்று கேட்டது. புது பேட்டரி நாள் முழுக்கத் தாங்கும்.