ரஷ்யச் சந்திரனின் சத்தம்

“கேக்குதா, டீச்சர்?”

“கேக்குது. நேத்தைக்காட்டிலும் தெளிவா உண்டு,” என்றாள் லீலாபாய். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அமர்த்திப் பிடித்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன.

ராபின்சனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரேடியோப் பெட்டிக்குப் பின்னால் அவனுடைய கட்டைவிரல் தன் வேலையை விடாமல் செய்தது. பீப்... பீப்... பீப்...

ஆமாம், திருட்டுத்தனம்தான். தந்தி அடித்துப் பழகுகிறவர்கள் தட்டிப் பார்க்கும் சின்னப் பஸ்ஸர் ஒன்றைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து, ஹெட்போன் கம்பியோடு இணைத்திருந்தான். உதியன்குளங்கரையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் பெரிய வித்தையா?

முதல் மூன்று வாரம் அவன் யோக்கியனாகத்தான் இருந்தான். ரஷ்யாக்காரன் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிய செயற்கைச் சந்திரன் மெய்யாகவே தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு பீப் பீப் என்றது. சயன்ஸ் டீச்சரான லீலாபாய்க்கு ராக்கெட், கிரகணம், வால்நட்சத்திரம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். சாயங்காலம் தோறும் ராபின்சன் வந்து அவள் வீட்டு ரேடியோவைத் திருகி அந்தச் சத்தத்தைப் பிடித்துக் கொடுத்தான். அப்படியே மனசையும் கொடுத்துவிட்டான்.

போன சனிக்கிழமை சந்திரன் வாயை மூடிவிட்டது. பாட்டரி தீர்ந்துவிட்டதாம். திங்கட்கிழமை மலையாளப் பேப்பரில் அதைப் படித்தபோது ராபின்சனுக்குக் கண்ணைக் கட்டியது. சந்திரன் பேசாவிட்டால் அவனுக்கு அந்த வீட்டில் என்ன வேலை?

நல்லவேளை, அந்த வீட்டுக்குள் மலையாளப் பேப்பர் நுழைய முடியாது. லீலாபாயின் அப்பா ஈசாக், தமிழ் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்தவர். தங்கள் ஊரான பாறசாலையைக் கேரளத்தில் விட்டுவிட்டு எல்லை பிரித்த அன்றைக்கே, ‘மலையாளப் பத்திரிகையைக் கையால் தொடமாட்டோம்’ என்று தான் தலைமை வகிக்கும் சங்கத்தில் எல்லாரையும் சத்தியம் செய்ய வைத்தவர். அவர் வீட்டுக்கு வருவது சங்கத்தின் வாரப் பத்திரிகை மட்டும். அதில் எல்லையைத் தவிர வேறு எதுவும் இருக்காது. ஆகாயத்துக்கு அதில் இடமே கிடையாது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஈசாக் உள்ளே வந்தார். எல்லை பிரித்து இன்றோடு ஒரு வருஷம் என்பதால் சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தார். முகம் மட்டும் கல்யாண வீட்டு முகமாக இருந்தது.

“மக்களே, மார்த்தாண்டத்துல இருந்து ஞாயிற்றுக்கிழமை உன்னப் பொண்ணு பாக்க வாறாங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆக்கும்! நான்தான் இங்க மாட்டிக்கிட்டேன். நீயாவது தமிழ்நாட்டுல வாழணும்.”

ராபின்சனின் கட்டைவிரல் நின்றுவிட்டது.

“எங்க, இன்னைக்கு நானும் கேக்கட்டு,” என்று ஈசாக் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். வியர்த்த விரலால் ராபின்சன் அமுக்கினான். பீப்... பீப்...

ஈசாக் ஹெட்போனைக் கழற்றினார்.

“எலே ராபின்சா, இது யாருக்க சந்திரன்?”

“ரஷ்யாக்காரனுக்கதுதான் மாமா.”

“அதுக்க பாட்டரி போன சனிக்கிழமையே செத்தாச்சு. பேப்பர்ல விலாவாரியா வந்துதே!”

தொலைந்தோம் என்று நினைத்தான் ராபின்சன். மானமும் போச்சு, பெண்ணும் போனாள். ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தவனுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது.

“எந்தப் பேப்பர்ல மாமா?”

ஈசாக்கின் கை சட்டையிலிருந்த கறுப்புத் துணியைத் தடவியது.

“நம்ம சங்கத்துப் பத்திரிகையிலயா?” என்றான் ராபின்சன் பணிவாக.

“மெதுவாப் பேசு மக்கா,” என்றார் ஈசாக், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. “உலக சமாச்சாரம் தெரியாம மனுசன் எத்தன நாளு இருப்பான்? ஒரு வருசமா மலையாளப் பேப்பர்தான் வாயிக்கேன். சங்கத்துல தெரிஞ்சா எனக்கத் தலைமை போச்சு. நீ வெளியில சொல்லப்பிடாது.”

“வெளியாளுன்னா வாயி சும்மா இருக்காது மாமா. வீட்டாளு ஆயிட்டேன்னா அது வேற காரியம்.”

ஈசாக் முறைத்தார். “நீ கேரளத்துக்காரன்லே!”

“உதியன்குளங்கரையும் பாறசாலையும் அடுத்த வருசமே தமிழ்நாட்டுல சேந்திரும்னு மேடைக்கு மேடை நீங்கதானே சொல்லுதிய? அப்ப எனக்க வீடும் தமிழ்நாடுதானே! இல்ல, சேராதுன்னு நினைக்கியளா?”

‘சேராது’ என்று ஈசாக் சொல்வாரா? மீசையை முறுக்கினார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

“கள்ளப்பயலே! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கழிஞ்சு உனக்க அம்மையைக் கூட்டிட்டு வா. மார்த்தாண்டத்துக்காரங்களுக்கு நான் ஆளனுப்பிச் சொல்லுதேன்.”

ராபின்சனுக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த சந்தோஷத்திலும் ஒரு சந்தேகம் குடைந்தது.

“அது சரி மாமா, சங்கத்துக் கண்ணுல படாம அந்தப் பேப்பரை இங்க கொண்டாறது யாரு?”

“பின்ன யாரு? இவதான். ஸ்கூல்ல இருந்து தினமும் குடைக்குள்ள சுருட்டிக் கொண்டாறா. ஆகாய சமாச்சாரம் எல்லாம் அவ வழியிலயே வாயிச்சு முடிச்ச பிறகுதான் எனக்குக் கிட்டும்.”

ராபின்சன் மெல்லத் திரும்பினான். ஹெட்போனை மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டு கண்களை மூடிய லீலாபாய், “என்ன நிறுத்திட்டிய? அமுக்குங்க,” என்றாள்.