வாழ்த்துகள், ட்வைலா!

'வாழ்த்துகள், ட்வைலா! உங்கள் படிப்புக்கு நாற்பதாயிரம் டாலர் விருது!' என்று தனியார் கல்லூரியிலிருந்து கடிதம் வந்த அன்றே, அரசுக் கல்லூரியில் கிடைத்த இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டாள் ட்வைலா. வேலையாக வெளியூர் போயிருந்த அம்மாவிடம் நேரில் காட்டி அசத்தக் காத்திருந்தாள்.

திரும்பி வந்த அம்மா லொரெட்டா, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இது விருது இல்லடி. மொத்தமும் கடன்."

"போம்மா! கடன்னு எங்க இருக்கு, காட்டு!"

"ஓரத்துல பொடி எழுத்துல 'எல்.என்.'னு இருக்கு பாரு. லோனைத்தான் அப்படிச் சுருக்கிப் போட்டிருக்கு."

ட்வைலா கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள்; இருந்தது. அரசுக் கல்லூரியில் விட்ட இடம் இனிக் கிடைக்காது.

"படுபாவிங்க! இப்படிக் கழுத்தறுக்க எவனுக்கு மனசு வந்துச்சோ! எங்க ஸ்கூல்ல காலேஜுக்கு வழிகாட்டுற கவுன்சிலரே மூணு தடவை படிச்சாரும்மா, அவருக்கே புரியல. உனக்கு மட்டும் எப்படிப் பார்த்ததும் தெரிஞ்சுது?"

 லொரெட்டாவின் கண்கள் சுவரில் மாட்டியிருந்த கேடயத்துக்குப் போய்த் திரும்பின.

கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதித் தரும் அவள் வேலை பார்க்கும் நிறுவனம் போன வருடம் அவளுக்குக் கொடுத்தது அது. 'ஆண்டின் சிறந்த கடிதத்துக்காக.'

வாராவாரம் அதைத் தூசி தட்டி மாட்டுவது ட்வைலாதான். எந்தக் கடிதம் என்று அவள் கேட்டதே இல்லை.